பாலாற்றங்கரையில் எத்தனை பாலி? ஒரு பெயரின் நிகழ்வு ஆய்வு

பாலாற்றங்கரையில் உள்ள ஒரு கிராமத்துக் கோயிலின் கும்பாபிஷேக மலருக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. விளம்பரப் பக்கங்களைக் கழித்தால் நாற்பது பக்கம்கூடத் தேறாது. தல வரலாறு, திருப்பணிக் கணக்கு, நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியல் எல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிட்டன. ஊரையும் ஆற்றையும் பற்றிய ஒரு கட்டுரையில்தான் நின்றுவிட்டேன். அதில் ஒரு பத்தி இப்படிப் போனது:

"பாலாற்றின் பழைய பெயர் பாலி. இந்தப் பாலிக் கரையில் பிறந்த மொழியே பௌத்தர்களின் பாலி. இங்கிருந்து கப்பலேறிய நம் முன்னோர் குடியேறிய தீவே பாலித் தீவு. அந்தத் தீவின் பழங்கல்வெட்டில் வாலி என்று இருப்பதால் வாலி ஆண்ட நாடும் அதுவே. ராஜஸ்தானிலும் மகாராஷ்டிரத்திலும் பாலி என்று ஊர்கள் இருப்பது நம் மக்கள் அங்கும் பரவியதற்குச் சான்று."

ஐந்து வாக்கியம். முதல் வாக்கியம் முழுக்கச் சரி. அது சரியாக இருப்பதால்தான் மற்ற நான்கும் நம்பும்படி இருக்கின்றன. எழுதியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், அந்த ஊரில் மூன்று தலைமுறைக்குப் பாடம் சொன்னவர். அச்சகத்தில் "அப்படியே விட்டுடுங்க சார், மலர்தானே" என்றார்கள். எனக்கு விட மனம் வரவில்லை. கோயில் மலர் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். பத்து வருஷம் கழித்து ஒரு பிள்ளை பள்ளிக் கட்டுரைக்கு அதைத்தான் எடுத்துப் பார்க்கும்.

ஒவ்வொரு பாலியாக எடுத்து மூன்று கேள்வி கேட்டேன். அந்த இடத்துக்காரர்கள் அந்தப் பெயரை எப்படி உச்சரிக்கிறார்கள்? அவர்கள் மொழியில் அதற்கு என்ன பொருள்? எந்தக் காலத்திலிருந்து அது எழுத்தில் கிடைக்கிறது?

ஆறு

பாலி என்பது பாலாற்றின் பழம்பெயர்தான். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் அது நேராகவே வருகிறது. காஞ்சியில் சலவைத் தொழில் செய்து அடியார்களின் துணி வெளுத்துக் கொடுத்த திருக்குறிப்புத் தொண்டரின் புராணத்தில் தொண்டை நாட்டை வருணிக்கும்போது ஆற்றை அறிமுகப்படுத்துகிறார். வசிட்டரின் பசு சொரிந்த பால் நந்தி மலையிலிருந்து தீர்த்தமாக இறங்கி வருகிறது என்பது அவர் சொல்லும் பிறப்புக் கதை. நந்தி மலைப் பக்கம்தான் பாலாறு இன்றும் பிறக்கிறது.

அடுத்து அவர் சொல்வதுதான் நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தது. கோடையில் ஆறு வெறும் மணல் மேடாகக் கிடக்கிறது. உழவர்கள் இறங்கி மணலைக் கையால் பிசைந்து வருடுகிறார்கள். குழந்தை தடவியதும் பால் சுரக்கிற தாயின் மார்பு போல மணலுக்குள்ளிருந்து நீர் ஊறிப் பெருகி, இருபுறமும் கால்வாய்களில் ஏறி, பள்ளத்து வயல்களின் மடையை உடைக்கிறதாம். பாட்டின் கடைசிச் சொல் 'பாலி'.

ஆற்றுப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது வெறும் உவமை இல்லை. பாலாறு மேலே ஓடுவதைவிட மணலுக்கு அடியில் ஓடுவது அதிகம். ஆற்று மணலில் ஊற்றுக்கால் தோண்டி நீர் எடுத்துப் பாசனம் செய்தது வட ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கத்து வழக்கம். சேக்கிழார் குன்றத்தூர்க்காரர், தொண்டை நாட்டு மனிதர். ஊற்றுக்காலைக் கண்ணால் பார்த்தவர் எழுதிய பாட்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆக, இந்தப் பாலியில் இருப்பது 'பால்' என்ற தமிழ்ச் சொல். வடமொழியில் இதே ஆற்றை க்ஷீர நதி என்கிறார்கள், அதுவும் பால் நதிதான். உச்சரிப்பில் 'பால்' என்னும்போது வருகிற ப. இந்த உச்சரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மூன்று கேள்விக்கும் இந்த ஆறு தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது.

இதே பெயரில் இன்னொரு தமிழ் ஆறும் உண்டு. இலங்கையின் வடக்கே வவுனியாவில் தொடங்கி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்கள் வழியே வடமேற்காக ஓடிக் கடலில் கலக்கும் பாலியாறு. அந்த வட்டாரத்து மக்களின் வாழ்க்கையிலும் கவிதையிலும் இடம் உள்ள ஆறு அது. ஆசிரியர் ஐயாவின் பட்டியலில் அது இல்லை. தமிழ்ப் பெயர், தமிழ் நிலம், ஆறு என்று மூன்றும் பொருந்திய ஒரே இன்னொரு பாலி விடுபட்டு, பொருந்தாதவையெல்லாம் உள்ளே வந்துவிட்டன. அதற்காக இந்த ஆற்றின் பெயர்தான் அங்கே போனது என்றும் நான் எழுத மாட்டேன். இரண்டு ஊரில் இரண்டு பேர் தனித்தனியே ஓர் ஆற்றைப் பாலோடு ஒப்பிட ஒருவர் மற்றவரிடம் கேட்க வேண்டியதில்லை.

மொழி

இரண்டாவது வாக்கியம்தான் என்னை அதிக நாள் அலைக்கழித்தது. காரணம், அதற்குப் பக்கத்திலேயே ஓர் உண்மையும் இருக்கிறது.

முதலில் பெயர். பாலி என்பது ஆதியில் ஒரு மொழியின் பெயரே அல்ல. அந்த மொழியில் 'பாளி' அல்லது 'பாலி' என்றால் வரி, வரிசை, அதிலிருந்து மூல பாடம். உரைக்கு 'அட்டகதா' என்று பெயர். அந்த உரை எந்த மூலத்துக்கோ அது பாளி. திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை எழுதினார் என்றால் குறள் பாளி, பரிமேலழகர் எழுதியது அட்டகதா. தேரவாதம் என்ற பௌத்தப் பிரிவின் மரபில் மொழியின் பெயர் மாகதி, அதாவது மகத நாட்டு மொழி. மூல பாடம் இருக்கிற மொழி என்ற பொருளில் பாலி பாஷை என்று சொல்லிச் சொல்லி, பிற்காலத்தில் பாஷையின் பெயராகவே பாலி நிலைத்தது. அந்தப் பெயரில் எந்த ஆறும் இல்லை, பாலும் இல்லை.

எழுத்தில் வந்ததும் காஞ்சியில் அல்ல. வாய்வழியாக வந்த திரிபிடகம் என்ற பௌத்த மூல நூல் தொகுதி கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி அரசன் காலத்தில், இலங்கையில் மாத்தளைக்கு அருகே உள்ள அலுவிகாரையில் எழுதப்பட்டது என்பது மரபு. பாலி பாலாற்றில் பிறந்தது என்று சொல்ல எந்த வழியும் இல்லை.

ஆனால் பாலி பாலாற்றங்கரைக்கு வந்தது. இதுதான் ஐயாவின் கட்டுரையில் இல்லாத, அவர் அறிந்திருந்தால் துள்ளிக் குதித்திருக்கக்கூடிய செய்தி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரை என்ற பௌத்த மடத்தில் இருந்து பாலியில் உரைகள் எழுதிய புத்தகோசர், ஓர் உரையின் முடிவில், காஞ்சிபுரத்தில் தம்மோடு தங்கியிருந்த ஜோதிபாலர் என்ற மூத்த பிக்குவின் வேண்டுகோளால் அதை எழுதியதாகச் சொல்கிறார். அதே காலத்தை ஒட்டிய புத்ததத்தர் சோழநாட்டுக்காரர், காவிரிப்பூம்பட்டினத்தில் ஒரு விகாரையில் இருந்து பாலியில் எழுதினார். பாலி இலக்கியத்தின் மிகப் பெரிய உரையாசிரியர்கள் சிலர் தமிழ்நாட்டு ஊர்களில் வாழ்ந்து எழுதியவர்கள். பள்ளிப் பாடத்தில் இது எனக்கு யாரும் சொல்லவில்லை. நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.

பாலி என்ற பெயருள்ள ஆற்றுக்குப் பக்கத்து நகரத்தில் பாலி மொழிப் புலவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. இரண்டு பெயருக்கும் உறவு இல்லை என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒன்றாக ஏற்றுக்கொள்ள நம் மனம் மறுக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் உறவு இருந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. அந்த அடத்தைத் தாண்டினால் கிடைப்பது இன்னும் நல்ல கதை. காஞ்சியில் தமிழும் வடமொழியும் பிராகிருதமும் பாலியும் ஒரே தெருவில் புழங்கிய காலம் ஒன்று இருந்தது. சொல் விளையாட்டு இல்லாமலே அது நமக்குப் பெருமை.

2024 அக்டோபரில் இந்திய அரசு பாலிக்குச் செம்மொழித் தகுதி கொடுத்தது. தமிழுக்கு அது 2004இலேயே கிடைத்துவிட்டது. அந்தச் செய்தி வந்தபோது பாலித் தீவு மொழிக்கு இந்தியா ஏன் விருது கொடுக்கிறது என்று ஒருவர் என்னிடம் உண்மையாகவே கேட்டார். நான் அப்போது சிரிக்கவில்லை, இப்போதும் சிரிக்கவில்லை. தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும்.

எழுத்து செய்த வேலை

சந்தேகம் வருவதற்கான காரணம் நம் எழுத்தில் இருக்கிறது. தமிழில் 'பால்' என்பதில் வரும் ப வேறு ஒலி, 'அன்பு' என்பதில் வரும் ப வேறு ஒலி. ஆனால் எழுத்து ஒன்று. தமிழ்ச் சொற்களுக்கு இது ஒரு குறையே இல்லை, ஏனென்றால் எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்று நமக்குத் தானாகவே தெரியும். சொல்லின் முதலில் வந்தால் பால், ன், ம் போன்ற மெல்லினத்தின் பின்னால் வந்தால் அன்பு. வெளிச் சொல் வரும்போதுதான் சிக்கல். மொழியின் பெயரான பாலி, 'பால்' ப. தீவின் பெயரான பாலி, 'அன்பு' ப. எழுதினால் இரண்டும் ஒன்று.

ஆங்கிலம் வழியாக வந்தால் வேறொரு வகையில் தொலைகிறது. ரோமன் எழுத்து ப-வை இரண்டாகப் பிரித்துக் காட்டும். ஆனால் குறில், நெடில் காட்டாது. ல, ள, ழ காட்டாது. மாபலியின் 'பலி' குறில், ராமாயண வாலியை இந்திக்காரர்கள் சொல்லும் 'பாலி' நெடில். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். அதை அப்படியே தமிழுக்கு மாற்றினால் ஆங்கிலம் தொலைத்ததும் தமிழ் தொலைத்ததும் சேர்ந்து நான்கைந்து பெயர்கள் ஒரே பெயராகிவிடுகின்றன. மலரில் வந்த பிழைக்குப் பாதிப் பொறுப்பு இதற்குத்தான். ஐயாவின் பொறுப்பு மீதிப் பாதி.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதில்லை. 1687இல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் தூதராகச் சயாம் போன சிமோன் டி லா லூபேர், அங்கே பிக்குகள் ஓதும் மொழியைப் பற்றி எழுதினார். 1691இல் வந்த அவருடைய நூலில் அந்த மொழியின் பெயர் 'அன்பு' ப போட்டுத்தான் இருக்கிறது. அவர் காதில் தவறு இல்லை. தாய்லாந்தில் இன்றுவரை அந்த மொழியை அப்படித்தான் சொல்கிறார்கள். இந்தியச் சொற்களில் வரும் 'பால்' ப, தாய் மொழிக்குள் போகும்போது 'அன்பு' ப ஆகிவிடும். 1826இல் பாரிசில் பர்னூஃபும் லாசனும் சேர்ந்து அந்த மொழியைப் பற்றி நூல் வெளியிட்டபோது 'பால்' ப-வோடு எழுதினார்கள்.

தாய்லாந்துக்காரர்கள் இதற்கு ஒரு தீர்வும் வைத்திருக்கிறார்கள். மொழிக்கு ஓர் எழுத்துக்கூட்டு, தீவுக்கு நடுவில் ஒரு ஹ-எழுத்தைச் சேர்த்து வேறு எழுத்துக்கூட்டு, அதனால் ராகமும் மாறும். ராமகாதையின் வாலிக்கு மூன்றாவது எழுத்து, 'பாலி' என்பதைக் காற்று விட்டுச் சொல்வது போல. மூன்று பெயர், மூன்று எழுத்து. அங்கே ஒரு பிள்ளைக்கு இந்தக் குழப்பமே வராது.

அப்புறம் கிரேக்கர்கள். கிரீட் தீவின் வட கரையில் ஒரு சின்னக் கடலோர ஊர் இருக்கிறது, பெயர் பாலி. துருக்கி மொழியில் 'பால்' என்றால் தேன், அதிலிருந்து வந்த பெயர் என்று அங்கே சொல்கிறார்கள். கிரீட் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் துருக்கிய ஆட்சியில் இருந்த தீவுதான். இன்றைய கிரேக்க எழுத்திலும் 'அன்பு' ப-வுக்குத் தனி எழுத்து கிடையாது. அவர்கள் ம-வையும் ப-வையும் சேர்த்து எழுதிச் சமாளிக்கிறார்கள். நாம் 'கம்பு' என்று எழுதும்போது ம்-க்குப் பின்னால் ப தானாக மாறுகிறதே, அதே உத்தி. இதைப் பார்த்தபோது எனக்கு ஏனோ ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

தீவு

இந்தோனேசியாவின் பாலித் தீவு நம்மிடையே இப்போது நன்றாகத் தெரிந்த இடம். தேனிலவுக்குப் போகிறார்கள், 2022 நவம்பரில் ஜி20 மாநாடு அங்கே நடந்தது. நாற்பது லட்சத்துக்கு மேல் மக்கள், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்துக்கள். பெயர் எழுத்தில் கிடைப்பது கி.பி. 914இல். சானூர் என்ற கடலோர ஊரில் பெலன்ஜோங் என்ற இடத்தில் உள்ள தூண் கல்வெட்டு, ஸ்ரீ கேசரி வர்மதேவன் என்ற அரசனுடையது. வடமொழியும் பழைய பாலித் தீவு மொழியும் கலந்து பொறித்திருக்கிறார்கள். அதில் தீவின் பெயர் 'வாலி த்வீபம்'.

ஐயா பிடித்துக்கொண்டது இதைத்தான். வாலி என்று கல்லிலேயே இருக்கிறதே என்றார். நானும் முதலில் தடுமாறினேன். ஆனால் அந்தத் தீவின் மொழியில் 'வாலி' என்று ஒரு சாதாரணச் சொல் புழக்கத்தில் இருக்கிறது. சடங்கு, படையல் சார்ந்த சொல் அது. கோயிலின் உள் முற்றத்தில் மட்டும் ஆடும் புனித நடனங்களை 'வாலி' வகை என்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாலித் தீவு நடனங்களில் அதுதான் முதல் வகை. தீவின் பெயரை வடமொழி 'பலி' என்ற சொல்லோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கமாக இருப்பதும் இதனால்தான்.

பலி என்றதும் நமக்கு ஆடு வெட்டுவது ஞாபகம் வந்துவிடுகிறது. ஆனால் சிவன் கோயிலில் நந்திக்குப் பக்கத்தில் இருக்கும் பலிபீடத்தில் யாரும் எதையும் வெட்டுவதில்லை, சோறுதான் வைக்கிறார்கள். பலி என்றால் படைப்பது. பாலித் தீவில் தினமும் காலையில் ஓலைத் தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்து வீட்டு வாசலில், கடை வாசலில், நடைபாதையில் படைக்கிறார்கள். தீவின் பெயரோடு அந்த ஓலைத் தட்டைச் சேர்த்துப் பார்ப்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கிஷ்கிந்தை வாலி இதில் எங்கும் வரவில்லை. வாலி பூசித்த தலம் வேண்டுமென்றால் பெரம்பலூர் மாவட்டத்தில் வாலிகண்டபுரம் இருக்கிறது. அங்கே தல புராணமே அவன் பெயரைச் சொல்கிறது, கடல் தாண்ட வேண்டியதில்லை.

சரி, கப்பலேறிப் போனவர்கள்? தென்கிழக்கு ஆசியாவுக்குத் தமிழர்கள் போனதற்குக் கல்வெட்டுச் சான்று நிறைய உண்டு. சுமத்ராவில் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைச் சொல்கிறது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வணிகர் போனார்கள் என்பது ஒரு செய்தி, தீவுக்குப் பெயர் வைத்தார்கள் என்பது வேறு செய்தி. முன்னது கல்லில் இருக்கிறது, பின்னது இல்லை.

ஒடிசாவிலும் இந்தக் குழப்பம் நடந்திருக்கிறது என்பதை ஐயாவிடம் சொன்னேன். கட்டக் நகரத்தில் மகாநதிக் கரையில் கார்த்திகைப் பௌர்ணமியில் தொடங்கும் பெரிய சந்தை 'பாலி யாத்திரை'. அன்று அதிகாலையில் காகிதத்திலும் வாழைப் பட்டையிலும் சின்னப் படகு செய்து விளக்கேற்றி ஆற்றில் விடுவார்கள். ஜாவா, சுமத்ரா, பாலித் தீவுகளுக்குக் கப்பலேறிய கலிங்க வணிகர்களின் நினைவு என்பது எல்லாரும் சொல்லும் விளக்கம். பாலி மாநாட்டின்போது பிரதமரும் அங்கே இதைப் பேசினார். ஆனால் ஒடிய மொழியில் 'பாலி' என்றால் மணல். ஆற்று மணலில் கூடும் திருவிழா என்பதால் அந்தப் பெயர் என்ற விளக்கமும் அங்கேயே உண்டு. வங்காளியிலும் மணலுக்கு அதே சொல்தான். ஹவுரா அருகே, தக்ஷிணேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் ஓர் ஊரும் அந்தப் பெயரில் இருக்கிறது. கட்டக்கில் படகு விடுகிறவர்களுக்கு இரண்டு விளக்கமும் தெரியும், விழா நிற்கவில்லை. ஐயா இதை ரொம்ப நேரம் யோசித்தார். "மணலா! சேக்கிழார் பாட்டிலும் மணல்தானே தம்பி வருது" என்றார். அந்த நேரத்தில் ஆறாவது வாக்கியம் ஒன்று பிறக்கப் பார்த்தது. நல்லவேளை, அவரே கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார்.

வடக்கே

ஐந்தாவது வாக்கியத்துக்கு அதிக நேரம் ஆகவில்லை. ராஜஸ்தானில் பாலி ஒரு மாவட்டம், அதே பெயரில் தலைநகரும். 1444 தூண்கள் என்று சொல்லப்படும் ராணக்பூர் சமணக் கோயில் அந்த மாவட்டத்தில் இருக்கிறது. பாலிவால் என்ற சமூகப் பெயர் இந்த ஊரிலிருந்து வந்தது. இதே மாவட்டத்துக்குள் இன்னொரு ஊரின் பெயரும் பாலி! மாவட்டம் 'பால்' ப, உள்ளே இருக்கும் ஊர் 'அன்பு' ப. இந்தியில் எழுதினால் முதல் எழுத்தே வேறு, அங்கே யாரும் தடுமாறுவதில்லை. தமிழில் 'பாலி மாவட்டத்தில் உள்ள பாலி' என்று எழுதினால் அச்சுப் பிழை என்று அடித்துவிடுவார்கள், நானே அடித்திருப்பேன். ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் இரண்டு பெயரே ஒன்றில்லை என்றால், பாலாற்றிலிருந்து அங்கே போக வேண்டிய அவசியம் என்ன?

மகாராஷ்டிரத்தில் ராய்கட் மாவட்டத்துப் பாலி, அஷ்டவிநாயகர் தலங்களில் ஒன்றான பல்லாளேஸ்வரர் இருக்கும் ஊர். பல்லாள் என்ற சிறுவனின் பக்திக்காக அவன் பெயரையே பிள்ளையார் ஏற்றுக்கொண்டார் என்பது தலக் கதை. மும்பை பாந்த்ராவில் சினிமாக்காரர்கள் வீடு வைத்திருக்கும் பாலி ஹில் வேறு.

ஆட்களின் பெயரிலும் உண்டு. திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜயந்திமாலா 1968இல் திருமணத்துக்குப் பிறகு வைஜயந்திமாலா பாலி ஆனார். 1984இலும் 1989இலும் தென்சென்னை மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பாலி பஞ்சாபின் மொஹியால் பிராமணர்களில் ஏழு குலங்களில் ஒன்றின் பெயர். சென்னையில் சுவரெல்லாம் எழுதியிருந்த அந்தப் பெயரை யாரும் பாலாற்றோடு சேர்க்கவில்லை, ஏனென்றால் ஆள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்த பெயரில் குழப்பம் வருவதில்லை. தூரத்தில் இருப்பதைத்தான் இழுத்து நம்மோடு சேர்த்துக்கொள்கிறோம்.

ஐயாவுக்குக் கடைசியாக இரண்டு ஊர் காட்டினேன். ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டின் வடமேற்கு மலைப் பகுதியில் பாலி நியோங்கா என்ற அரசு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சம்பா மக்கள் குதிரையேறி இடம்பெயர்ந்து அமைத்த அரசு. 1889இல் சின்ட்கிராஃப் என்ற ஜெர்மானியர் அங்கே போனபோது ஆண்டவர் கலேகா. அரசரை 'ஃபோன்' என்பார்கள். ஆண்டு இறுதியில் லேலா என்று பெரிய விழா எடுக்கிறார்கள். இன்னொன்று பசிபிக் கடலில், ஹவாய். அங்கே 'பலி' என்றால் செங்குத்தான மலைச் சரிவு. 1795இல் நூவானூ பலி என்ற சரிவில் கமேஹமேஹா அரசரின் படை எதிரிகளை விளிம்புவரை தள்ளிக்கொண்டு போனது. பலர் அங்கிருந்து விழுந்து மாண்டார்கள். அதோடு ஓஹூ தீவு அவர் கைக்கு வந்தது. இன்று அந்த வழியில் போகும் நெடுஞ்சாலைக்கு ஆங்கிலத்தில் பாலி ஹைவே என்றே பெயர்.

இந்த இரண்டையும் கேட்டதும் ஐயா சும்மா இருந்தார். ராஜஸ்தானுக்கு நம் மக்கள் போனார்கள் என்று சொல்ல முடிந்த மனத்துக்குக் கேமரூனுக்கும் போனார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் இரண்டுக்கும் சான்று ஒன்றுதான், ஒலி. கேமரூனுக்கு அது போதாது என்றால் ராஜஸ்தானுக்கும் போதாது. நான் அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா" என்று மட்டும் கேட்டார்.

மலரில் போனது

மொத்தப் பத்தியையும் எடுத்துவிடலாம் என்றார் அவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வாக்கியம் பொன் போன்றது, அதைச் சுற்றி எழுதலாம் என்றேன். உட்கார்ந்து இருவருமாக எழுதினோம். பாலாற்றின் பழம்பெயர் பாலி என்பது. சேக்கிழாரின் மணல் ஊற்று. அந்த ஊரில் ஐயா சிறுவனாக இருந்தபோது எந்தெந்த வயலுக்கு ஊற்றுக்கால் போனது, கோடையில் எத்தனை முழம் தோண்டினால் தண்ணீர் கண்டது என்று அவர் நினைவில் இருந்தவை. இந்தப் பகுதிதான் கட்டுரையிலேயே சிறந்ததாக வந்தது, ஏனென்றால் வேறு யாராலும் அதை எழுத முடியாது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைக் கழிவு ஆற்றைக் கெடுத்ததும், 1996இல் அதற்காக உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும், மணல் அள்ளி ஊற்றே போனதும் ஒரு பத்தி. கோயில் மலரில் இதெல்லாம் வேண்டுமா என்று விழாக் குழுவில் கேட்டார்களாம். வேண்டும் என்று ஐயா நின்றுவிட்டார். 2021 நவம்பரில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே பாலத்தில் நின்று பார்த்ததையும் சேர்த்தோம்.

காஞ்சியில் பாலி மொழிப் புலவர்கள் இருந்ததைத் தனியே நான்கு வரியில் போட்டோம். ஆற்றின் பெயருக்கும் மொழியின் பெயருக்கும் தொடர்பில்லை என்று ஐயாவே ஐந்தாவது வரியாக எழுதினார். தீவு, வாலி, ராஜஸ்தான் போய்விட்டன.

கடைசி மெய்ப்பைக் கொடுக்கப் போனபோது அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஜோதிபாலர் பெயர் வரும் வரியில் விரலை வைத்துக்கொண்டு, "தம்பி, இவரு காஞ்சியிலதான இருந்தாரு. நம்ம ஆத்துல ஒரு நாளாவது இறங்கிக் குளிச்சிருப்பாரா?" என்று கேட்டார்.

"இறங்கியிருப்பார் ஐயா, அவ்வளவு பக்கம்தானே" என்றேன்.

"ஆனா மலர்ல போட முடியாது."

"போட முடியாது."

தலையை ஆட்டிக்கொண்டே மெய்ப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.